டி டிரைவ் காலம்

ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளுக்கு ஒரு பொது முகம் உண்டு. 'மை கம்ப்யூட்ட'ரைத் திறந்தால் சி, டி, இ என்று மூன்று டிரைவ்கள் தெரியும். சி-யில் விண்டோஸ். டி-யில் வீட்டுக்காரர்களின் வேலை. இ-யில் பாட்டும் படமும். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றேதான். அதை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது அசெம்பிள் செய்பவர்களின் வழக்கம். விண்டோஸ் படுத்துவிட்டால் சி-யை மட்டும் ஃபார்மட் அடித்துப் புதிதாக ஏற்றிவிடலாம், டி-யில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்பது அதன் நியாயம். "டெஸ்க்டாப்ல எதையும் வைக்காதீங்கக்கா, எல்லாத்தையும் டி-யில போட்டு வைங்க" என்று சொல்லாத சர்வீஸ் பையனை நான் பார்த்ததில்லை.

நான் திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை செய்தவள். தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, ரெமிங்டன் மெஷினிலிருந்து கீபோர்டுக்கு மாறிய தலைமுறை. பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருந்ததால் ஆய்வேடுகள் நிறைய வரும். சிற்றிதழ்கள் வரும், கவிதைத் தொகுப்புகள் வரும், நடுவில் கல்யாணப் பத்திரிகைகள். 1990களின் இறுதியில் என் வாடிக்கையாளர்களே வீட்டில் கணினி வாங்கித் தாங்களே அடிக்கத் தொடங்கினார்கள். என்ன மென்பொருள் போடுவது, அடித்ததை எங்கே பத்திரப்படுத்துவது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நம் வீட்டுக் கணினிகளில் தமிழ் எப்படிப் பிழைத்தது, எப்படி அழிந்தது என்பதை அந்தக் கேள்விகள் வழியாகவே நான் தெரிந்துகொண்டேன். ஃபிளாப்பி கெட்டதாலும் டிஸ்க் போனதாலும் அழிந்ததைவிட, பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போனது அதிகம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஃபிளாப்பியிலிருந்து தொடங்குகிறேன். மூன்றரை அங்குலத் தட்டில் 1.44 எம்பி. ஓர் ஆய்வேட்டின் எழுத்து மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றில் அடங்கிவிடும். ஸ்கேன் செய்த படங்கள் சேர்ந்தால் அடங்காது. அப்போது பிகேஜிப்பையோ ஏஆர்ஜே-யையோ கொண்டு சுருக்கி, துண்டு துண்டாக நாலைந்து ஃபிளாப்பிகளில் ஏற்றுவோம். அதில் மூன்றாவது படிக்காவிட்டால் மற்றவற்றால் பயனில்லை. 1993ல் வந்த எம்எஸ்-டாஸ் 6ல் பேக்கப் எடுப்பதற்கென்றே ஒரு நிரல் இருந்தது. என் வட்டாரத்தில் அதைத் தொட்டவர்கள் குறைவு. பிரதி எடுத்தல் என்றால் 'காப்பி' கட்டளைதான். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஃபிளாப்பியின் காந்தப் படலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஷட்டரை ஒதுக்கிப் பார்த்தால் வெளிறிய புள்ளிகள் தெரியும். அதைப் போட்டால் அடுத்து வரும் நல்ல ஃபிளாப்பியையும் டிரைவ் கெடுத்துவிடும். எனவே முக்கியமானவற்றை எப்போதும் இரண்டு பிரதி எடுத்தோம். அந்த ஒழுக்கம் ஃபிளாப்பியோடு போய்விட்டது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

1999 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் வைரஸ் என்று பெயர்பெற்ற சிஐஎச் வெடித்தது. தைவானில் ஒரு மாணவர் முந்தைய ஆண்டு எழுதியது அது. ஹார்டு டிஸ்க்கின் முதல் ஒரு எம்பி-யை அழித்தது, சில மதர்போர்டுகளின் பயாஸ் சில்லையும் அழித்தது. டிஸ்க்கின் பிரிவுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற அட்டவணை அந்த முதல் எம்பி-யில்தான் இருக்கிறது. அது போனதும் கணினிக்கு டிஸ்க் காலியாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே தள்ளி இருந்த டி-யின் தரவுகளை வைரஸ் தொடவில்லை. அட்டவணையைத் திரும்ப எழுதத் தெரிந்தவர்கள் டி-யை முழுசாக மீட்டார்கள். எங்கள் தெருவில் டி டிரைவின் மீது நம்பிக்கை கெட்டிப்பட்டது அதன் பிறகுதான். மூன்றும் ஒரே தட்டில் சுழல்பவை, மோட்டார் நின்றால் மூன்றும் சேர்ந்தே போகும் என்று சொன்னால் கேட்க ஆளில்லை.

அதே சமயத்தில் 'கோஸ்ட்' வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்த மென்பொருள், 1998ல் சைமன்டெக் வாங்கி நார்ட்டன் கோஸ்ட் ஆக்கியது. சி-யை அப்படியே ஒரே கோப்பாகப் படமெடுத்து டி-யில் வைத்துவிடலாம். விண்டோஸ் கெட்டால் கால் மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். சர்வீஸ் செய்பவர்களுக்குப் பெரிய வரம், வீட்டுக்காரருக்கும் நிம்மதி. அந்தப் படம் புதிய கணினி வாங்கிய நாள் நிலவரத்தில் எடுக்கப்பட்டது. திரும்ப ஏற்றினால் சி அந்த நாளுக்கே போய்விடும்.

தமிழுக்கு ஆபத்து வந்தது இந்த இடத்தில்தான். வீட்டுக்காரர் எழுதிய கட்டுரை டி-யில் பத்திரம். அதை எழுதப் பயன்பட்ட எழுத்துரு சி-க்குள், விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவில் இருந்தது. சி-யை ஃபார்மட் அடித்தால் எழுத்துரு போயிற்று. எதைக் காப்பாற்ற டி-யை ஒதுக்கினார்களோ, அந்த ஏற்பாடே கோப்பையும் எழுத்துருவையும் பிரித்துப்போட்டது.

எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய கணினித் தமிழ் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் கடுமை புரியும். கணினி எழுத்தை எண்ணாகத்தான் வைத்திருக்கும். ஒரு எழுத்துருவில் இருந்தது 256 இடம். எந்த எண்ணில் எந்தத் தமிழ் வடிவத்தை வைப்பது என்பதை ஒவ்வொரு எழுத்துரு ஆக்கியவரும் தாமே முடிவு செய்தார். ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பெருவழக்காக இருந்த பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்தது. பழைய தட்டச்சு மெஷினின் வரிசையை அது பின்பற்றியதால் என்னைப் போன்றவர்கள் புதிதாக எதையும் கற்காமல் அடித்தோம். பாமினியில் அடித்த 'அம்மா', கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு இருந்தால் அம்மா. இல்லையென்றால் ஆங்கிலக் குப்பை. வைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்துத் தங்கள் கோப்புகளைத் தாங்களே அழித்தவர்களை எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஊர்ப்பெயர்கள் பற்றித் திரட்டிய குறிப்புகளை அவர் மகன் அப்படித்தான் அழித்தார். அதில் ஒரு எழுத்தும் கெட்டிருக்கவில்லை.

இதைச் சீராக்க முயன்றவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே முரசு மென்பொருளை வளர்த்தார். இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் பேசிப்பேசி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தை அதன் இடத்தில் விட்டு, மேலே உள்ள 128 இடங்களில் தமிழை வைத்தது அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரு குறியீடுகளும் அரசின் தரமாயின. தமிழ் 99 விசைப்பலகை அருமையான வேலை, இளைஞர்களுக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் விற்பனையில் இருந்த பழைய மென்பொருள்கள் தங்கள் குறியீடுகளை விடவில்லை. புதியவை பழையவற்றோடு சேர்ந்துகொண்டன.

தொழில்முறைத் தமிழ் மென்பொருள்கள் பலவற்றுக்கு 'லாக்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. பிரிண்டர் போர்ட்டில் செருகும் சிறிய பிளாஸ்டிக் கட்டை. அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. சிடி-யைப் பிரதி எடுக்கலாம், லாக்கைப் பிரதி எடுக்க முடியாது. சில ஆண்டுகளில் மதர்போர்டுகளிலிருந்து பிரிண்டர் போர்ட்டே மறைந்தது. காசு கொடுத்து முறையாக வாங்கியவர்கள், செருக இடமில்லாத லாக்கோடு நின்றார்கள்.

நல்ல முன்மாதிரி ஒன்று அந்தக் காலத்திலேயே இருந்தது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் அதை முன்நின்று நடத்தினார். மயிலை என்ற இலவச எழுத்துருவை ஆக்கியவரும் அவர்தான். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்பினார்கள். டிஸ்கியில் வெளியிட்டார்கள், பிடிஎஃப் ஆகவும் கொடுத்தார்கள், யூனிகோடு நிலைத்ததும் அதற்கும் மாற்றினார்கள். ஒரு கோப்பை ஒருமுறை சேமித்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. குறியீடு மாறும்போதெல்லாம் நூலையும் உடன் நகர்த்தினார்கள். பேக்கப் என்று நான் மதிப்பது இதைத்தான்.

யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்துசேர வெகுகாலம் ஆனது. விண்டோஸ் 2000ல் லதா எழுத்துரு வந்தது. எக்ஸ்பி-யிலும் இருந்தது, ஆனால் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியைத் தனியாக நிறுவ வேண்டும். அதற்கு விண்டோஸ் சிடி கேட்கும். பல வீடுகளில் சிடி இருக்காது. இ-கலப்பையும், பிறகு நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்எச்எம் ரைட்டரும் தட்டச்சுச் சிக்கலைத் தீர்த்தன. ரைட்டரில் பழைய தட்டச்சு வரிசையும் இருந்ததால் என் விரல்கள் அப்படியே யூனிகோடுக்கு வந்தன. என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பழைய கோப்புகளுக்கு உயிர் கொடுத்தன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது, யூனிகோடு ஒத்துவராத இடங்களுக்கு டேஸ் 16 என்ற குறியீடு.

அச்சுத் தொழில் மட்டும் அசையவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. 2001ல் வந்த 7.0 அதன் கடைசிப் பதிப்பு. 2004ல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தியது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தமிழ்ப் புத்தகங்கள் அதில்தான் வடிவமைக்கப்பட்டன, ஏனென்றால் அதற்கு மாற்றாக வந்த அடோபியின் இன்டிசைனில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக உட்கார்ந்தது 2012ல் வந்த சிஎஸ்6லிருந்துதான். அந்த சிஎஸ்6தான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைனும். அடுத்து வந்த பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இருபது ஆண்டுத் தமிழ்ப் பதிப்புலகம் பி65, பிஎம்டி என்ற பின்னொட்டுகளோடு டிவிடிகளில் உறங்குகிறது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த பேக்கப் நிரலுக்கும் இதே கதிதான். எக்ஸ்பி-யில் எடுத்த பிகேஎஃப் கோப்பை விஸ்டாவால் நேரடியாகத் திறக்க முடியவில்லை, தனி நிரல் ஒன்றைத் தரவிறக்க வேண்டியிருந்தது. எனவே பேக்கப் எடுக்கும் மென்பொருள் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம், கோப்புகளைக் கோப்புகளாகவே நகலெடுத்து வையுங்கள், எழுத்துருவையும் அதே ஃபோல்டரில் போடுங்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை மீறியது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் தரைத்தள வீடுகள் மூழ்கின. கணினியும், பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும், டிவிடி அடுக்கும் ஒரே மேசையின் மேலும் இழுப்பறைகளிலும் இருந்தன. எல்லாம் சேர்ந்தே நனைந்தன. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் வகுத்த கணக்கு உலகெங்கும் சொல்லப்படுவது. அதன் கடைசிப் பகுதியை எங்கள் நகரம் அந்த வாரம் கற்றது. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்து உடனே மின்சாரம் கொடுத்தவர்கள் மீளக்கூடியதையும் இழந்தார்கள்.

இப்போது மக்கள் கூகுள் டிரைவில் போடுகிறார்கள். வேறு இடம் என்ற சிக்கலை அது தீர்த்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் பாமினியில் அடித்த ஒரு டாக் கோப்பைக் கூகுள் டிரைவில் வைத்தாலும் அது பாமினிதான்.

அதனால் இன்றும் என்னிடம் ஓர் எக்ஸ்பி கணினி ஓடுகிறது, இணையத் தொடர்பு இல்லாமல். பழைய டிவிடியோடு வருபவர்களுக்கு முதலில் டிஸ்க்கின் உள்ளடக்கம் முழுவதையும் அப்படியே நகலெடுத்துவிடுவேன். பிறகு பேஜ்மேக்கரில் திறந்து, எந்த எழுத்துரு கேட்கிறது என்று பார்த்து, எழுத்தை வெளியே எடுத்து, மாற்றியில் போட்டு, சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக வைப்பேன். பக்க அமைப்பு தெரிய ஒரு பிடிஎஃப். பழைய பிடிஎஃப் இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். அது அச்சில் அழகாக வரும், ஆனால் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் மறுபடி அந்த ஆங்கிலக் குப்பைதான், தேடவும் முடியாது.

மாற்றி முடித்ததும் நான் முதலில் தேடுவது ஔவையாரை. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம். மாற்றி அதைப் பிரித்தறியாமல் ஒ போட்டு ள போட்டு 'ஒளவை' என்று வைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நாளைக்கு யாராவது 'ஔவை' என்று தேடினால் அந்த நூல் கிடைக்காது. கௌரவம், பௌத்தம், மௌனம் எல்லாவற்றிலும் இதே பிழை ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி, திருத்தியதைப் பென் டிரைவில் ஒன்று, அவருடைய மின்னஞ்சலுக்கு ஒன்று என்று கொடுத்த பிறகுதான் டிவிடியைத் திருப்பித் தருவேன்.