வெண்பனியும் திராட்சைப் பாகும்



மக்தபில் பிள்ளைகளுக்குத் தொழுகையின் தொடக்க துஆவைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். தக்பீர் தஹ்ரீமாவுக்கும் கிராஅத்துக்கும் இடையே நபி (ஸல்) அவர்கள் ஓதியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள துஆ அது. அதில் நம் பாவங்களை நீராலும் வெண்பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவிவிடுமாறு அல்லாஹ்விடம் வேண்டுகிறோம். பொருளைச் சொல்லி முடித்ததும் ஒரு சிறுவன் எழுந்தான். "ஹஜ்ரத், நம்மில் யாருமே அந்தப் பனியைப் பார்த்ததில்லையே. பார்க்காத ஒன்றால் கழுவச் சொல்லி எப்படிக் கேட்பது?" என்றான்.

சிரித்துக் கடந்துவிடத்தக்க கேள்வியன்று அது. பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். அரபியில் 'ஸல்ஜ்' எனப்படுவதோ, வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி நிலத்தை மூடும் வெண்பனி. அதை அள்ளி உண்டும், பாதுகாத்தும், பகிர்ந்தும் வாழ்ந்த முஸ்லிம் சமூகங்களின் வரலாறு நெடியது. அவ்வரலாற்றை ஒரு சிறு கிண்ணத்திலிருந்து தொடங்குவோம்.

துருக்கியின் தென்பகுதியில் தாரஸ் மலைத்தொடர் இருக்கிறது. அங்குள்ள குடும்பங்கள் வீட்டில் செய்யும் எளிய இனிப்பு ஒன்றின் பெயர் 'கர்சம்பாச்'. துருக்கி மொழியில் 'கர்' என்றால் வெண்பனி. ஈரானில் இதுவே 'பர்ஃப் ஷீரே'. பர்ஃப் என்றால் பனி, ஷீரே என்றால் பாகு. லெபனான் மலையூர்களிலும் பனியின்மேல் 'திப்ஸ்' எனும் பாகை ஊற்றி உண்பார்கள். பெயர்கள் வேறாயினும் பண்டம் ஒன்றே.

செய்முறை ஒரு குழந்தைக்கும் கைவரக்கூடியது. இலையுதிர் காலத்தில் திராட்சை அறுவடை முடிந்ததும் அதன் சாற்றைச் சர்க்கரை சேர்க்காமலே காய்ச்சிக் கெட்டிப் பாகாக்கி வைத்துக்கொள்வார்கள். பனி பொழிந்ததும் ஒரு கிண்ணத்தை வெளியே வைத்து நன்கு குளிரச் செய்வார்கள். அதில் புதுப்பனியை அழுத்தாமல் அள்ளி நிரப்பி, குளிர்ந்த பாகை மெல்லிய இழையாக ஊற்றி, ஓரிரு முறை கிளறி உடனே உண்பார்கள். பாகு வெதுவெதுப்பாக இருந்தால் பனி உருகி வெறும் நீராகிவிடும். குளிர்ந்திருந்தாலோ, பாகின் இனிப்பு பனியைக் கல்லாக இறுகவும் விடாமல், மணல்மணலாக நாவில் கரையும் பதத்தில் நிறுத்தும்.

இதில் கைத்திறனைவிடப் பனியைத் தேர்ந்தெடுப்பதே முதன்மையானது. முதற்பொழிவு காற்றிலுள்ள தூசியையும் புகையையும் சுமந்து இறங்குவதால், பெரியவர்கள் அதை உண்ண விடுவதில்லை. அடுத்தடுத்த பொழிவுகளில், பாதையிலிருந்து விலகிய இடத்தில், காலோ கையோ படாத மேற்பரப்பை மட்டுமே அள்ளச் சொல்வார்கள். காற்று மாசடைந்த இன்றைய பெருநகரங்களில் அந்தப் பனியும் உண்ணத் தக்கதன்று.

குளிர்காலத்தில் மலையூர் ஏழைக்கும் வாசலில் கிடைத்த இப்பொருள், கோடையில் அரசர்களின் பொருளாயிற்று. ஹிஜ்ரி 160ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 777இல், அப்பாசிய கலீஃபா அல்மஹ்தி ஹஜ்ஜுக்குச் சென்றபோது அவருக்காக மக்கா வரை பனி கொண்டுசெல்லப்பட்டது என வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். மக்காவில் பனி கிடைக்கப்பெற்ற முதல் கலீஃபா அவரே என்பதும் தபரீயின் குறிப்பு. அதே பயணத்தில் ஹரமைன் மக்களுக்கு அவர் பெரும்பொருள் வாரி வழங்கினார் என்பதையும் நாம் சேர்த்தே சொல்லவேண்டும்.

பின்னாளில் மம்லூக்குகளின் காலத்தில் இது ஓர் அரசுத்துறையாகவே வளர்ந்தது. ஷாம் நாட்டு மலைகளின் பனி, கப்பல்களில் எகிப்தின் தமியாத் துறைமுகத்தை அடையும். அங்கிருந்து நைல் நதி வழியே பூலாக் வந்து, கோவேறு கழுதைகள்மீது கெய்ரோ கோட்டைக்கு ஏறும். டமாஸ்கஸிலிருந்து தரைவழியாக, இடையிடையே ஒட்டகங்களை மாற்றிக்கொண்டு, பாலைவனம் கடந்தும் பனி வந்தது. கி.பி. 1418இல் மறைந்த அல்கல்கஷந்தீ, அரசு எழுத்தர்களுக்கென எழுதிய 'ஸுப்ஹுல் அஃஷா' என்னும் பெருநூலில் இந்த ஏற்பாட்டை விவரித்திருக்கிறார். இத்தனை கால்நடைகளும் மனிதர்களும் உழைத்தது சுல்தானின் கோப்பை குளிர்வதற்காக!

ஆயினும் பனியின் கதை அரண்மனையோடு முடியவில்லை. கி.பி. 1192, ஆகஸ்ட் மாதம். யாஃபா கடற்கரையில் சிலுவைப்படையின் தலைவரான இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் நோயுற்றுக் கிடந்தார். பேரிக்காயும் பீச் பழமும் பனியும் வேண்டுமென்று அவர் ஆளனுப்பிக் கேட்டது யாரிடம்? தம்மோடு போர்புரிந்துகொண்டிருந்த சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களிடம். சுல்தான் அனுப்பிவைத்தார். அப்போது சுல்தானுடன் இருந்த நீதிபதி பஹாஉத்தீன் இப்னு ஷத்தாத் இதைப் பதிவு செய்கிறார். தூதர்கள் வந்துபோவதால் எதிரியின் நிலவரம் தெரியும் என்ற எண்ணமும் சுல்தானுக்கு இருந்தது என்று அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். வரலாறு என்பது அப்படித்தான். ஒரே செயலில் மதிநுட்பமும் கருணையும் கலந்திருக்கும். எண்ணம் எதுவாயினும், கொளுத்தும் கோடையில் ஒரு நோயாளியின் உதட்டைக் குளிர்வித்தது அந்தப் பனி. செப்டம்பர் 2ஆம் நாள் இரு தரப்புக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது.

உஸ்மானியர் காலத்தில் பனி கடைத்தெருவுக்கும் இறங்கியது. பூர்சா நகரின் உலுதாக் மலையிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பனி சென்றது. குளிர்காலத்தில் குழிகளில் பனியைக் கொட்டி, மிதித்து இறுக்கி, வைக்கோலாலும் தழைகளாலும் மூடி, கோடையில் வெட்டியெடுத்தனர். பனி வணிகர்களுக்கெனத் தனிச் சங்கமே இருந்தது. கி.பி. 1638இல் நடந்த மாபெரும் ஊர்வலத்தில் அவர்கள் பனியாலேயே தலைப்பாகை செய்து அணிந்து சென்றதாகப் பயணி எவ்லியா செலபி வருணிக்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. உஸ்மானிய ஊர்களில் 'ஸபீல்' எனப்படும் அறநீர் நிலையங்கள் இருந்தன; நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தலைப் போன்றவை. கோடையில் அங்கு வரும் வழிப்போக்கர்களுக்குப் பனியிட்டுக் குளிர்வித்த நீரும் சர்பத்தும் வழங்குவதற்கென்றே சிலர் தம் சொத்துக்களை வக்ஃப் செய்தார்கள். கலீஃபாவுக்காகப் பாலைவனம் கடந்த அதே பனி, சுமைகூலிக்காரனின் கோப்பைக்கும் வந்தது. வானிலிருந்து எல்லார்மீதும் சமமாக இறங்கியதை, மனிதர் அந்தஸ்தால் பிரித்தனர். வக்ஃப் அதை மீண்டும் எல்லார்க்கும் உரியதாக்கியது.

நாம் பனியைக் காணாதவர்கள் என்றாலும் இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. நோன்பு துறக்கும் வேளையில் நாம் அருந்தும் நன்னாரி சர்பத்தில் இருக்கிறதே 'சர்பத்' என்னும் சொல், அது 'ஷரிப', குடித்தான், என்னும் அரபு வினையிலிருந்து பிறந்து, பாரசீகம் வழியே நம் நாவுக்கு வந்ததுதான். இனிப்பும் குளிர்ச்சியும் உள்ள பானமே நபி (ஸல்) அவர்களுக்கு மிகப் பிரியமானதாக இருந்தது என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதைத் திர்மிதியில் காண்கிறோம். ஆகவே குளிர்பானம் அருந்துவது குறையன்று. அது யார் யாரைச் சென்றடைகிறது என்பதே கேள்வி. இன்று எந்த சுல்தானுக்கும் வாய்க்காத வசதி நம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. ஒட்டகம் வேண்டியதில்லை, கப்பல் வேண்டியதில்லை. விசையைத் தட்டினால் போதும். ஆனால் நம் இஃப்தார் விரிப்பில் மிஞ்சிய சர்பத் வாய்க்காலில் கொட்டப்படும் வேளையில், வாசலில் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துச் செல்லும் இளைஞன் வறண்ட தொண்டையோடு திரும்புகிறான்.

அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். துஆவில் பனியும் ஆலங்கட்டியும் ஏன் சொல்லப்பட்டன என்பதற்கு இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் அளித்த விளக்கம் எளிமையானது: அவை எவர் கையும் தீண்டாத, எவரும் பயன்படுத்தியிராத நீர். தாரஸ் மலையின் தாய், பிள்ளையிடம் கிண்ணத்தைக் கொடுத்து, "யாரும் மிதிக்காத இடத்திலிருந்து அள்ளி வா" என்று சொல்லும்போது தேடுவதும் அதே தூய்மையைத்தான். அப்படியொரு தூய்மையால் நம் உள்ளத்தைக் கழுவும்படியே அல்லாஹ்விடம் கேட்கிறோம். அதைக் கேட்பதற்குப் பனியைக் கண்ணால் கண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் மக்தபில் இதைச் சொன்னோம். சற்று யோசித்த அந்தச் சிறுவன், "அப்படியானால் நம் வாசலிலும் ஒரு ஸபீல் வைக்கலாமா, ஹஜ்ரத்?" என்றான். இப்போது மக்தப் வாசலில் ஒரு மண்பானையும் இரண்டு குவளைகளும் இருக்கின்றன. பிள்ளைகளே முறைவைத்து நிரப்புகிறார்கள். நம் வீட்டு வாசல்களிலும் இக்கோடையில் ஒரு பானை இருக்கட்டும். அல்லாஹ் நம் அனைவரின் உள்ளங்களையும் தூய்மையாக்கிக் குளிர்விப்பானாக! ஆமீன்.