ஆயில் சேம்பர் மேம்பாடு: ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் எஞ்சின்கள்

எஞ்சினின் அடியில் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டு, அதில் ஓடும் எண்ணெயைத் தாங்கி நிற்கும் தகரக் கலம் ஆயில் சேம்பர். நூல்கள் இதை ஆயில் சம்ப் என்றும் ஆயில் பான் என்றும் எழுதும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் சேம்பர் என்றால்தான் விளங்கும். வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினாலும் பிரேக் பிடித்தாலும் பம்பின் வாய்க்கு எண்ணெய் அறாமல் கிடைக்கும்படி இந்தக் கலத்தைத் திருத்துவதோ மாற்றுவதோ ஆயில் சேம்பர் மேம்பாடு எனப்படும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் செய்யப்படும் வேலைகளில் வெளியே கண்ணுக்குத் தெரியாதது இது. எஞ்சினின் ஆயுளைக் காப்பதில் இதற்கு இணையான வேலைகள் சிலவே.

இந்தக் கட்டுரை சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சினையும், அதன் உடன்பிறப்பான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் எஞ்சினையும் பற்றியது. வண்டலூர் வழியாகத் தெற்கே இறங்கும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையே திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொடுகிறது. ஆகவே அந்தச் சாலையில் ஓடும் வண்டிக்கு எது பொருந்தும் என்ற கேள்வியை வைத்தே இங்கு ஒவ்வொரு மேம்பாட்டு முறையும் எடைபோடப்படுகிறது.

எஞ்சினின் பூர்வீகம்

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சிறு காருக்காக 803 சி.சி. எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. நான்கு சிலிண்டர், கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மி.மீ. அந்தத் தூரத்தை மாற்றாமல் சிலிண்டரின் விட்டத்தை மட்டும் கூட்டிக் கூட்டி 948, 1147, 1296 சி.சி. எஞ்சின்கள் வந்தன. 948 சி.சி. எஞ்சின் 1959-இல் அதே நிறுவனத்தின் டிரையம்ப் ஹெரால்டில் ஏறியது. அந்த ஹெரால்டையே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் சென்னையில் தயாரித்தது. 1970-களில் வந்த அதன் கெஸல் காரும் இதே எஞ்சினில்தான் ஓடியது.

ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி, அதன்மேல் இரண்டு பேர் அமரும் திறந்த உடலைப் பொருத்தி 1962-இல் வெளிவந்ததே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். முதலில் 1147 சி.சி., 1967-இல் 1296 சி.சி. 1974-இல் பிஸ்டன் ஓட்டத்தை 87.5 மி.மீ. ஆக நீட்டி 1493 சி.சி. ஆக்கினார்கள். இந்தக் கடைசி மாற்றத்தில்தான் தொல்லை கூடியது. நீண்ட ஓட்டம் என்றால் அதே சுழற்சியில் பிஸ்டனின் வேகம் அதிகம். தாங்குவதற்கோ பழைய மூன்று மெயின் பேரிங்குகளே. நெடுநேரம் உச்ச வேகத்தில் ஓட்டினால் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது) தேயும் என்ற பெயரை 1493 சி.சி. எஞ்சின் வாங்கிக்கொண்டது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் அது தயாரிக்கப்படவே இல்லை. ஆனாலும் ஹெரால்டு எஞ்சினைப் பிரித்துப் பழகிய நம் ஊர் மெக்கானிக், ஸ்பிட்ஃபயரின் பானட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்த முகம்தான்.

அம்பாசடருக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. அதன் 1489 சி.சி. எஞ்சினும் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

வளைவில் எண்ணெய் எங்கே போகிறது

ஹெரால்டு எஞ்சினில் சுமார் 4 லிட்டர் எண்ணெய் நிற்கும். சேம்பரின் அடியில் மூழ்கியிருக்கும் வலைமூடிய உறிஞ்சுவாய்க்கு ஸ்டிரெயினர் என்று பெயர். பம்பு அதன் வழியாக எண்ணெயை இழுத்து, வடிகட்டியில் செலுத்தி, மெயின் பேரிங்குகளுக்கும் கிராங்கினுள் துளைத்த வழிகளால் பிக் எண்டுகளுக்கும் அனுப்புகிறது. அங்கே எண்ணெய்ப் படலம் தலைமயிரைவிட மெல்லியது. அந்தப் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது.

வண்டி ஒருபக்கம் திரும்பும்போது சேம்பரில் உள்ள எண்ணெய் மறுபக்கம் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பது எளிய கணக்கு. வளைவின் விசை புவியீர்ப்பில் பாதி என்றால், 30 செ.மீ. அகலமுள்ள கலத்தில் எண்ணெய் மட்டம் ஒரு சுவரில் 7.5 செ.மீ. ஏறவும் எதிர்ச் சுவரில் அதே அளவு இறங்கவும் முயலும். விசை புவியீர்ப்புக்குச் சமமானால் மட்டம் 45 பாகை சாய்ந்துவிடும். ஸ்டிரெயினர் அசையாமல் தன் இடத்தில் நிற்க, எண்ணெய் அதை விட்டு விலகிப் போகிறது. பம்பு காற்றை இழுக்கிறது. காற்றுக் குமிழிகள் பேரிங்கில் நுழைந்தால் படலம் கிழிகிறது. பிரேக் பிடிக்கும்போது இதே கதை முன்பக்கமாக நடக்கும்.

இரண்டாவது சிக்கல் கிராங்க் கிளப்பும் புயல். வேகமாகச் சுழலும் கிராங்க் கீழே நிற்கும் எண்ணெயைக் கயிறுபோல் முறுக்கி இழுத்து நுரையாக்குகிறது. சக்தியும் வீணாகிறது, எண்ணெயிலும் காற்று கலக்கிறது. அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்த நுரையைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள்.

ஹெரால்டின் டேஷ்போர்டில் எண்ணெய்க்கென்று இருப்பது ஓர் எச்சரிக்கை விளக்கு மட்டுமே. அழுத்தம் ஏறக்குறைய முழுதும் விழுந்த பிறகுதான் அது எரியும். ஆகவே சேம்பரில் கைவைப்பதற்கு முன்பே ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றைப் பொருத்துவது நல்லது. சூடேறிய எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் ஓடும்போது 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை காட்டினால் நலம். நேர்ச்சாலையில் 50 காட்டிய முள் வளைவில் நடுங்கிச் சரிந்தால் சேம்பரைத் திருத்தும் வேளை வந்துவிட்டது. நேர்ச்சாலையிலேயே குறைவாக இருந்தால் அது பேரிங்கின் அல்லது பம்பின் தேய்மானம். எந்தச் சேம்பரும் அதைச் சரிசெய்யாது.

தடுப்புத் தகடுகள்

மேம்பாட்டு முறைகளில் செலவு குறைந்ததும் சாலை வண்டிக்கு மிகப் பொருத்தமானதும் பழைய சேம்பரின் உள்ளேயே தடுப்புத் தகடு பற்றவைப்பது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஸ்டிரெயினரைச் சுற்றி நான்கு பக்கமும் சிறு சுவர் எழுப்பி ஓர் அறை கட்டுவார்கள். எண்ணெய் உள்ளே வர அடியில் வழி இருக்கும். விரைந்து வெளியேற முடியாது. பந்தய வண்டிகளில் அந்த வழிகளுக்குக் கீல் வைத்த சிறு கதவுகள் போடுவதுண்டு. உள்நோக்கி மட்டுமே திறப்பதால், சாயும் எண்ணெய் அறைக்குள் வரும். திரும்பிப் போக முயன்றால் கதவை அதுவே அறைந்து மூடிவிடும். 

அறைக்கு மேலே கிடையாக ஒரு தகடும் தேவை. சுவரில் ஏறும் எண்ணெயை அது மடக்கிக் கீழே அனுப்பும். கிராங்கின் புயலிலிருந்து எண்ணெய்ப் பரப்பை மறைக்கவும் செய்யும். மேலிருந்து வடியும் எண்ணெய் இறங்குவதற்கு அதில் துளைகள் விடவேண்டும். துளை போதாவிட்டால் எண்ணெய் தகட்டின்மேலேயே தேங்கி, காக்க வந்த ஏற்பாடே பம்பைப் பட்டினி போடும். எண்ணெய் அளவுகோல் (டிப்ஸ்டிக்) இறங்கும் இடம், கனெக்டிங் ராடு சுழலும் வட்டம் இரண்டையும் களிமண் உருண்டை வைத்துப் பார்த்து இடைவெளியை உறுதிசெய்த பிறகே பற்றவைப்பது முறை.

இதற்கு 1.2 முதல் 1.6 மி.மீ. வரை கனமுள்ள இரும்புத் தகடு போதும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிங்கரிங் செய்யும் கைகள் நெடுஞ்சாலை ஊர்களில் குறைவில்லை. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்திலும் இந்த வேலைக்குத் தேவையானது அந்தக் கைத்திறன்தான். ஆனால் வெல்டிங் சூட்டில் சேம்பரின் விளிம்பு முறுக்கிக்கொள்ளும். சேம்பரை ஒரு கனத்த தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, சிறு சிறு புள்ளிகளாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தால் இதைத் தவிர்க்கலாம். முடிந்ததும் சமதளக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து வெளிச்சம் புகுகிறதா என்று பார்ப்பார்கள். கசிவுச் சோதனைக்குப் பட்டறையின் பழைய வழியை மிஞ்ச எதுவும் இல்லை: வெளிப்புறம் சாக்பீஸ் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு விடுவது. ஊசித்துளை இருந்தாலும் சாக்பீஸில் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். தெறித்த வெல்டிங் மணிகளை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுக்கவேண்டும். ஒரு மணி உதிர்ந்தாலும் அது போய்ச் சேரும் இடம் பம்பு.

ஆழம், அகலம், அலுமினியம்

அதிக எண்ணெய் பிடிக்கும் சேம்பர் குளிர்ச்சியாக ஓடும், வளைவிலும் எண்ணெய் எளிதில் தீராது. கொள்ளளவைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு: கீழே ஆழமாக்குவது, பக்கவாட்டில் இறக்கை வைப்பது. பந்தயப் பாதையில் ஆழம் செல்லும். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் பந்தயத் தடம் 3.7 கி.மீ. நீளம், அங்கே வேகத்தடை கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கமோ புதுச்சேரிப் பக்கமோ கிளைச் சாலையில் இறங்கினால் நிலைமை வேறு. ஊருக்கு ஊர் வேகத்தடை. அங்கு ஆழச் சேம்பர் முதல் மாதத்திலேயே அடிவாங்கும். சாலை வண்டிக்கு இறக்கை முறையே ஏற்றது. கொள்ளளவு எப்படி மாறினாலும் அளவுகோலில் புதுக்கோடு போடவேண்டும்: அளந்து ஊற்றி, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, வடிந்தபின் மட்டத்தைக் குறிப்பது.

அடிபட்ட சேம்பர் கசியாவிட்டாலும் ஆபத்தானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தரை உள்ளே குழிந்து ஸ்டிரெயினரை நெருங்கினால் எண்ணெய் புகும் இடம் அடைபடும். ஸ்டிரெயினருக்கும் தரைக்கும் 6 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி இருப்பது பொதுவிதி.

வார்ப்பு அலுமினியச் சேம்பர் பார்க்க அழகு. இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ தன் நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு விலாவெலும்பு போன்ற மடிப்புகள் கொண்ட அலுமினியச் சேம்பரையே தொழிற்சாலையில் பொருத்தியது. வெப்பம் விரைவில் வெளியேறும், எஞ்சின் பிளாக்கின் அடி இறுகி நிற்கும். ஆனால் கல் பட்டால் இரும்புத் தகடு நசுங்கும், அலுமினியம் விரிசல் விடும். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி அன்றே வீடு திரும்பலாம். விரிசல் விட்டால் எண்ணெய் சாலையில். விக்கிரவாண்டி அருகே இரவில் நிற்க நேரும் வண்டிக்கு இந்த வேறுபாடு பெரிது. இந்தச் சாலைக்கு இரும்புச் சேம்பரே சிறந்தது.

கழற்றும்போது

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் எஞ்சினை இறக்காமலே சேம்பரைக் கழற்றலாம். முன்புறம் ஓர் அலுமினியக் கட்டை கிராங்கின் அடியை அடைத்து நிற்கும். சேம்பரின் முன் போல்ட்டுகள் அதில்தான் இறங்கும். மென்மையான உலோகம் என்பதால் இறுக்கி இறுக்கியே மரை போயிருக்கும்; ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரை வைத்துப் புதுப்பிக்கலாம். அந்தக் கட்டையின் இருபக்கமும் இரண்டு சிறு மரத்துண்டுகள் செருகப்பட்டிருக்கும். யாரோ ஒட்டுப்போட்டது என்று எண்ணி இவற்றைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. தொழிற்சாலையே வைத்த அடைப்பு அது.

சேம்பர் கீழே இருக்கும்போது கிராங்கின் முன்பின் அசைவை அளக்கத் தவறக்கூடாது. 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்கை முன்னே தள்ளும் சுமையை, அந்த அசைவைக் கட்டுப்படுத்தும் திரஸ்ட் வாஷர் வாங்குகிறது. தேய்ந்து மெலிந்தால் அது நழுவிச் சேம்பரில் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே அறுக்கும். திரும்பப் பொருத்தும்போது, விளிம்பில் போல்ட் துளைகளைச் சுற்றிய மேடுகளைத் தட்டிச் சமமாக்கி, கார்க் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை மெதுவாக, குறுக்குக் குறுக்காக இறுக்கவேண்டும்.

உலர் சேம்பர்

சேம்பரில் எண்ணெயே தங்காமல் தனித் தொட்டிக்கு உறிஞ்சி அனுப்பிவிடுவது உலர் சேம்பர் முறை. 1954-இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., போர்ஷே 911, 1967-இல் பந்தயத்துக்கு வந்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின் ஆகியவை புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். சேம்பர் ஒட்டிப்போவதால் எஞ்சினைத் தாழ்த்தி வைக்கலாம். திருவொற்றியூரில் தயாரான பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளிலும் எண்ணெய் கிராங்க் அறையில் தேங்காமல் அதே வார்ப்பில் உள்ள தனி அறைக்குத் திரும்புகிறது. ஆனால் ஹெரால்டு எஞ்சினுக்கு இதைச் செய்ய கூடுதல் பம்பு, பெல்ட், தொட்டி, குழாய்கள் எல்லாம் வேண்டும். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது தேவையில்லை.

மாற்றிய சேம்பரைப் பொருத்தியபின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிடுவார்கள். காந்தம் பதித்த டிரெயின் பிளக் போட்டிருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை வடித்துப் பார்க்கலாம். காந்தத்தில் மைபோன்ற கரும்பூச்சு இருப்பது இயல்பு. விரலில் நெருடும் துகள் இருந்தால் சேம்பரை மீண்டும் இறக்கவேண்டும்.