ஊர் கூடி வரைந்த படம்

கைப்பேசியை ஏந்திக்கொண்டு முன்பின் அறியாத ஊருக்குள் நுழைகிறவருக்கும், காரின் முகப்பில் ஒளிரும் சிறு திரை சொன்னபடி சக்கரத்தைத் திருப்புகிறவருக்கும் வழி காட்டுவது அந்தச் செயலியின் சாமர்த்தியமே என்று நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். செயலியோ ஒரு கணக்கப்பிள்ளை மாத்திரமே. எந்தத் தெரு எங்கே தொடங்கி எங்கே முட்டுகிறது, எது ஒருவழிப் பாதை, எந்தப் பாலத்தின் அடியில் உயரமான லாரி நுழையாது என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கும் பேரேடு ஒன்று அவர் கையில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்துத்தான் அவர் பதில் சொல்கிறார். அந்தப் பேரேட்டை எழுதியவர் யார், அதன்மேல் பாத்தியதை யாருக்கு என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு சென்றால், சென்ற இருபது ஆண்டுகளில் நடந்த ஓர் அபூர்வமான கூட்டு முயற்சியின் சரித்திரம் நமக்குக் கிடைக்கிறது.

அது இங்கிலாந்தில் தொடங்குகிறது. ராணுவத் தேவைக்காக 1791-இல் அங்கே ஏற்பட்ட ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசாங்க ஸ்தாபனம், தேசத்தின் ஒவ்வொரு வேலியையும் வாய்க்காலையும் அளந்து படமாக்கியது. உலகின் மிகச் சிறந்த தேசப்படங்களில் அவை சேர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தப் படங்கள் அரசின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. உபயோகிப்பவர் கட்டணம் செலுத்தியாக வேண்டும். ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற வாகன ஓட்டிகளின் சங்கம் தன் சாலைப் படங்களுக்கு அவற்றிலிருந்து நகலெடுத்தது என்ற வழக்கு 2001-இல் 2 கோடி பவுன் இழப்பீட்டில் சமரசமாக முடிந்தது. கார்களில் பொருத்தப்படும் வழிகாட்டிக் கருவிகளுக்கான தரவுகளோ நாவ்டெக், டெலி அட்லஸ் என்ற இரண்டு கம்பெனிகளின் கையில் பெரும்பாலும் அடங்கியிருந்தன. ஜனங்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தெருவின் வடிவத்தை அந்த ஜனங்களே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலம் அது.

இந்த நிலை மாறுவதற்கு வழிவிட்டது வானத்திலிருந்து வந்த ஒரு சலுகை. அமெரிக்க ராணுவம் தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பொதுச் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தி வைத்திருந்த பிசகை, ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவின்படி 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கிவிட்டது. அதுவரை நூறு மீட்டர் வரையிலும் தவறிக் காட்டிய சாதாரணக் கைக்கருவி, அன்று முதல் நாம் நிற்பது இந்தத் தெருவிலா பக்கத்துத் தெருவிலா என்று சொல்லும் அளவுக்குத் துல்லியம் பெற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மாணவராயிருந்த ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், விக்கிப்பீடியா கலைக்களஞ்சியத்தைப் பலர் சேர்ந்து எழுதுவதுபோல உலகப் படத்தையும் பலர் சேர்ந்து வரையலாகாதா என்று எண்ணி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பெயரில் வெறும் வெள்ளைத் தாளொன்றை விரித்து வைத்தார்.

அந்த வெள்ளைத் தாள் எப்படி நிரம்பியது என்பதைக் காண, 2006 மே மாதத்தில் வைட் தீவில் கழிந்த ஒரு வார இறுதியைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையை அடுத்துக் கிடக்கும் அந்தச் சிறு தீவு, ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தலைமையகம் இருந்த சவுத்தாம்ப்டன் நகருக்கு நேர் எதிரே, கடற்கால் ஒன்றைத் தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. அங்கே முப்பது நாற்பது பேர் கூடித் தீவைப் பங்கு பிரித்துக்கொண்டு, சைக்கிளிலும் காரிலும் கால்நடையாகவும் கிளம்பினார்கள். கைக்கருவி இருக்குமிடத்தை இடைவிடாது பதிந்துகொண்டே வரும். பிறகு அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றினால், சுவரில் நத்தை ஊர்ந்த தடத்தைப்போல் ஒரு கோடு தெரியும். அதன்மேல் தெருவை வரைவார்கள். ஆனால் அந்தத் தடம் தெருவின் பெயரைச் சொல்லாது. அதற்காக ஒவ்வொரு முனையிலும் இறங்கி, பெயர்ப்பலகையைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். முட்டுச்சந்து என்று தெரிந்தாலும் அதன் கடைசி வீடு வரை போய்த் திரும்ப வேண்டும். கடையில் விற்கும் படத்தைப் பார்த்து ஒரு பெயரையேனும் நகலெடுக்கலாகாது என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விரதம். அந்த விரதத்தில் தவறியிருந்தால் முழு முயற்சியும் வழக்கு மன்றத்தில் முடிந்துபோயிருக்கும்.

பிறகு உதவிகள் வந்து சேர்ந்தன. தன் வான்வழிப் படங்களின்மேல் கோடு வரைந்துகொள்ள யாஹூ 2006 இறுதியில் அனுமதித்தது. ஆட்டோமோட்டிவ் நேவிகேஷன் டேட்டா என்ற டச்சுக் கம்பெனி 2007-இல் தன் நெதர்லாந்துத் தெருத் தரவு முழுவதையும், இந்தியா, சீனா ஆகிய தேசங்களின் பிரதான சாலைகளையும் தானமாகத் தந்தது. 2010 ஜனவரி 12-இல் ஹைதியின் தலைநகரம் பூகம்பத்தில் நொறுங்கியபோது, உலகின் பல மூலைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து இரவு பகலாகத் தெருக்களை வரைய, மீட்புப் படையினர் அந்தப் படத்தைத் தம் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்கிடையே சென்றார்கள். 2015-இல் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது எந்தெந்தத் தெருவில் நீர் நிற்கிறது என்று ஜனங்களே குறித்துக்காட்டிய படத்துக்கும் இதுவே அடித்தளம்.

இவற்றைவிட என் மனத்தில் ஆழப் பதிந்தது 2012-இல் நடந்த ஒரு காரியம். அதுவரை இருந்த உரிம நிபந்தனை, கதை, ஓவியம் போன்ற படைப்புகளை உத்தேசித்து எழுதப்பட்டது. தெருக்களின் தரவுத்தொகுப்பை அது காக்குமா என்ற சந்தேகம் வலுத்தபடியால், தரவுக்கென்றே எழுதப்பட்ட புதிய உரிமத்துக்கு மாறத் தீர்மானித்தார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். தரவைத் திருத்திப் பிறருக்கு வழங்கினால் அந்தத் திருத்தத்தையும் அதே நிபந்தனையோடு திறந்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதற்காகப் பங்களித்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். சம்மதியாதவர்களும் பதில் தராதவர்களும் வரைந்த கோடுகளைப் படத்திலிருந்து அகற்றினார்கள். நன்றாக விளைந்து நின்ற பயிரில் ஒரு பகுதியைத் தம் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, அதே தெருக்களை மறுபடியும் நடந்து அளக்கச் சித்தமாயிருந்த அந்த நேர்மையை எத்தனை பாராட்டினாலும் தகும்.

இதற்கிடையில் பெரிய வியாபாரம் பெரிய கிரயங்களில் நடந்துகொண்டிருந்தது. 2008-இல் நோக்கியா 810 கோடி டாலருக்கு நாவ்டெக்கையும், டாம்டாம் 290 கோடி யூரோவுக்கு டெலி அட்லஸையும் வாங்கி முடித்தன. அடுத்த ஆண்டே கூகுள், திருப்பத்துக்குத் திருப்பம் குரல் கொடுத்து வழி சொல்லும் சேவையைக் காசு வாங்காமல் கைப்பேசியில் அளித்தது. காசு வாங்காத அந்த வழிகாட்டி, நாம் போகிற இடத்தைக் கேட்டு நினைவிலும் வைத்துக்கொள்ளக் கூடியது என்பது பலருக்குப் பின்னாலேதான் உறைத்தது. இதற்கு மாறாக, இணைய இணைப்பே இல்லாமல், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் படத்தைக் கைப்பேசிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு வழி காட்டும் ஆஸ்மாண்ட் என்ற செயலி 2010-இல் தோன்றியது. அதே இனத்தைச் சேர்ந்த மேப்ஸ்.மீ என்ற செயலி 2014-இல் ரஷ்யக் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறியது. மறு ஆண்டில் அதன் மூலநிரல் பொதுவில் திறக்கப்பட்டது. 2020-இல் அது மீண்டும் விற்கப்பட்டது. ஆனால் திறந்த நிரலும் திறந்த படமும் விற்பனைப் பத்திரத்துக்குள் அடங்கவில்லை. முதலில் அதை உருவாக்கியவர்களில் சிலர் அந்த நிரலை எடுத்துக்கொண்டு, விளம்பரமும் வேவும் இல்லாத ஆர்கானிக் மேப்ஸை 2021-இல் வெளியிட்டார்கள்.

ஆஸ்மாண்டும் ஆர்கானிக் மேப்ஸும் இன்று காரின் திரைக்கும் வந்துவிட்டன. அங்கே நுழைவதற்கான வாசலான ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் இன்னும் முறையே கூகுள், ஆப்பிள் என்ற இரு பெரும் கம்பெனிகளுக்கே சொந்தம். எந்தச் சாலையில் இப்போது நெரிசல் என்று சொல்லும் விஷயத்திலும் திறந்த படம் பின்தங்கியே இருக்கிறது. கோடிக்கணக்கான கைப்பேசிகளின் நடமாட்டத்தைக் கணந்தோறும் சேகரிப்பவரால்தான் அதைச் சொல்ல இயலும்.

2022 நவம்பரில் டாம்டாம், தன் புதிய படத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. இப்போது அந்தப் பொதுப் பேரேட்டில் எந்தக் கோட்டைத் தொட்டாலும், அதைத் திருத்தியவர்களின் வரிசை தேதியோடு விரிகிறது. சம்பளத்துக்குத் திருத்திய கம்பெனி ஊழியரும், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பெயர்ப்பலகையைப் படித்து வந்தவரும் அதில் ஒரே எழுத்தில், ஒருவர் கீழ் ஒருவராக நிற்கிறார்கள்.