முற்றமும் அறைகளும்: விளையாட்டு நிரல்களில் பகிர்வின் வரலாறு

கணினி விளையாட்டொன்றில் வீரன்மீது குண்டு பாய்கிறது. அவனுடைய உயிர் நூறிலிருந்து எண்பதாகக் குறைகிறது. பார்ப்பவருக்கு இது கணநேரக் காட்சி; நிரல் எழுதுபவருக்கோ உரிமைப் பிரச்சினை. நூறு என்ற அந்த எண் யாருடையது? வீரனுடையதா, குண்டினுடையதா, திரையின் மூலையில் அதைக் காட்டும் பட்டையினுடையதா? மூவருக்கும் அது தேவை. ஆனால் மூவரும் அதை மாற்றலாமா? இவ்வாறு பெயரிட்டு வைக்கப்படும் மதிப்பை 'மாறி' என்கிறோம். அதை யார் யார் பகிர்ந்துகொள்ளலாம் என்ற கேள்விக்கு அறுபதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை உருவாக்கினார்கள். நடுவில் ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பைச் சமாளித்தபடி ஒன்றையொன்று சுடும் இரண்டு விண்கலங்கள். நிரலுக்குள் 24 பொருள்களுக்கு இடம் வைத்து அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் கிடைமட்ட இருப்பிடம், மற்றொன்றில் செங்குத்து இருப்பிடம், இன்னொன்றில் அப்பொருளை இயக்கும் நிரல்துண்டின் முகவரி. எந்தத் துண்டும் எந்தக் கட்டத்தையும் படிக்கலாம், திருத்தலாம். கூட்டுக் குடும்ப வீட்டின் முற்றம்போல எல்லாம் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. முழு நிரலும் ஒருவர் மனத்துக்குள் அடங்கிவிடும் அளவே இருந்ததால் அறைகள் தேவைப்படவில்லை.

அறைகளைக் கட்டியவர்கள் நார்வே நாட்டினர். ஆஸ்லோவின் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் 'வகுப்பு' என்னும் கருத்து பிறந்தது. தரவையும் அதன்மேல் நிகழும் செயலையும் ஒரே கூரையின்கீழ் அது வைத்தது. எனினும் அந்த முதல் வீட்டில் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியிலிருந்து உள்ளேயுள்ள மாறிகளை நேரடியாகத் தொட முடிந்தது. மறைக்கும் வசதி 1970களில்தான் சேர்ந்தது. தாழ்ப்பாளுக்கான நியாயத்தை 1972இல் டேவிட் பர்னாஸ் எழுதினார். நாளை மாறக்கூடிய ஒரு முடிவை நிரலின் ஒவ்வொரு பகுதியும் தனக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். ஸெராக்ஸ் ஆய்வகத்தில் பிறந்த ஸ்மால்டாக் மொழி இக்கொள்கையைக் கறாராகப் பின்பற்றியது: ஒரு பொருளின் சொந்த மாறிகளை அப்பொருள் மட்டுமே அறியும், மற்றவர் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். ஆனால் அதே ஸ்மால்டாக்-80, உறவேதும் இல்லாத வகுப்புகளும் பகிர்ந்துகொள்வதற்கென்று பொது மாறிகளின் தொகுப்பொன்றை வைத்திருந்தது. அறைகளால் மட்டும் வீடு ஆகாது என்பதற்கு இது ஒரு சான்று.

சி++ மொழியைப் படைத்த ஸ்ட்ரௌஸ்ட்ரப் தமது 1994ஆம் ஆண்டு நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய மார்க் லின்டன் அவரிடம் வந்து, வெளியாருக்கு மூடியும் வழித்தோன்றல் வகுப்புகளுக்குத் திறந்தும் இருக்கும் ஓர் இடைநிலை உரிமை வேண்டுமென உணர்ச்சியோடு வாதாடினார். அப்படித்தான் 'புரொடெக்டெட்' என்னும் சொல் மொழிக்குள் நுழைந்தது. சுமார் ஐந்தாண்டுகள் கழித்து, பிழைகளின் ஊற்றாகிவிட்டது என்று கூறி, அவ்வகை மாறிகளைத் தமது திட்டத்தில் லின்டனே தடைசெய்தார். கேட்டுப் பெற்ற வரம் சுமையான கதை இது.

விளையாட்டுக்காரர்களுக்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. வங்கிக் கணக்குகள் ஒன்றையொன்று மோதிக்கொள்வதில்லை. விளையாட்டிலோ எல்லாம் எல்லாவற்றோடும் மோதும். 1996இல் வெளிவந்த 'குவேக்' தன் நிகழ்ச்சிகளை எழுதக் குவேக்-சி என்ற சிறுமொழியை வைத்திருந்தது. அதில் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே மாறிப் பட்டியல்தான். அரக்கனுக்கு உயிர் இருப்பதுபோல் கதவுக்கும் உயிர் உண்டு. அதனாலேயே சுட்டால் திறக்கும் கதவை எளிதில் அமைக்க முடிந்தது. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால், 'நான்', 'மற்றவர்' என்று பொருள்படும் இரு பொது மாறிகளில் அவை வைக்கப்படும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒரு செயல் 'நான்' என்பதைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு மீட்டு வைக்க மறந்தால், அடுத்து நடப்பதெல்லாம் வேறொருவருக்கு நடக்கும்.

1994இல் நால்வர் சேர்ந்து எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் 23 வடிவங்களைத் தொகுத்தளித்தது. அவற்றுள் ஒன்றான 'சிங்கிள்டன்', ஒரு வகுப்புக்கு ஒரே பொருள்தான் இருக்கும், எங்கிருந்தும் அதை அணுகலாம் என்றது. ஒலி, மதிப்பெண், ஆட்டநிலை என அனைத்தையும் விளையாட்டு நிரலாளர்கள் அதற்குள் இட்டார்கள். முன்வாசல் வழியே விரட்டப்பட்ட பொது மாறி, வகுப்பின் உடையணிந்து கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தது. நால்வருள் ஒருவரான எரிக் காமா, இவ்வடிவத்தை நீக்கிவிடலாம் என்று 2009இல் ஒரு நேர்காணலில் சொன்னார்.

இன்னொரு பாதையும் உருவாகி வந்தது. 2002இல் 'டஞ்சன் சீஜ்' விளையாட்டின் ஸ்காட் பிலாஸ், வகுப்பு வம்சாவளியைக் கைவிட்டு, உயிர், இடம், ஆயுதம் போன்ற சிறு கூறுகளின் சேர்க்கையாகவே பொருளை அமைக்கும் முறையை விளக்கினார். 2016இல் வெளியான 'ஓவர்வாட்ச்' அதன் எல்லைவரை சென்றது. அடுத்த ஆண்டு அதன் நிரலாளர் டிமதி ஃபோர்ட் விளக்கியபடி, அங்கே தரவுக் கூறுகளுக்குச் செயல் கிடையாது. செயலமைப்புகளுக்குச் சொந்தமாகத் தரவு கிடையாது. டாலும் நிகார்டும் சேர்த்து முடிந்ததை இவர்கள் அவிழ்த்துவிட்டார்கள்.

அப்படியானால் ஸ்பேஸ்வாரின் அட்டவணைகளுக்கே திரும்பிவிட்டோமா? தோற்றத்தில் ஆம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இம்மரபில் வந்த இன்றைய இயந்திரங்கள் பலவற்றில், ஒவ்வொரு செயலமைப்பும் தான் எதைப் படிக்கும், எதை எழுதும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒரே மாறியில் இருவர் ஒரே நேரத்தில் எழுத நேர்ந்தால், இயந்திரம் அவர்களை வரிசையில் நிறுத்தும். திறப்பதா மூடுவதா என்றே நெடுங்காலம் வாதிட்டுவந்தோம். எந்தக் கை எதை மாற்றியது என்று தெரியாத பகிர்வே ஆபத்து என்பதைத்தான் இந்த வரலாறு கற்றுத் தருகிறது. முற்றம் பொதுவாகவே இருக்கலாம். விளக்கை அணைப்பவர் சொல்லிவிட்டு அணைத்தால் போதும்.