நழுவுகோலும் வரைபுக் கணிப்பானும்

1942ஆம் ஆண்டு கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், பின்னர் கண்டிக்கு அணித்தாகவுள்ள பேராதனையில் மகாவலிக் கரையை உறைவிடமாகக் கொண்டது. கணிதத்தை நாள்தோறும் கையாளும் துறைகள் சற்றுப் பிந்தியே மலையேறின. விஞ்ஞான பீடம் 1961இல் அங்கே தொடங்கிற்று. கொழும்பில் 1950இல் ஆரம்பமான பொறியியற் பீடம் 1964இல் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் உலகெங்கும் பொறியியல் கற்றோரின் கைக்கருவி, 'ஸ்லைட் ரூல்' என வழங்கிய நழுவுகோலே.

அதன் பிறப்பு மடக்கையோடு பிணைந்தது. ஸ்கொத்லாந்து அறிஞர் நேப்பியர் 1614இல் மடக்கைகளை வெளியிட்டார். ஏறத்தாழ எட்டாண்டுகளின் பின் ஓட்ரெட் என்னும் ஆங்கிலப் பாதிரியார், மடக்கை அளவில் கோடிட்ட இரு கோல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நகர்த்திப் பெருக்கலாம் எனக் கண்டார். 2இன் மடக்கை 0.3010, 3இன் மடக்கை 0.4771. இவ்விரு நீளங்களையும் கூட்டினால் 0.7781, அது 6இன் மடக்கையாகும். பெருக்கல் வெறும் கூட்டலாயிற்று. கூட்டலோ நீளத்தை ஒட்டிவைப்பதாயிற்று. எத்துணை எளிமை!

ஆயினும் இக்கோலுக்குத் தசமப் புள்ளி தெரியாது. பத்தங்குலக் கோல் மூன்று இலக்கங்களைத் தரும், அவ்வளவே. 1, 2, 2 என்று அது காட்டுமாயின், அணையின் உயரம் 12.2 மீற்றரா, 122 மீற்றரா, 1,220 மீற்றரா என்பதைக் கணிப்பவன்தான் தீர்மானிக்க வேண்டும். கண்டிக்குக் கிழக்கே தெல்தெனியாவை அண்டி எழுந்த விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. அதை ஒருமுறை கண்ணாரக் கண்டவன் புள்ளியைப் பிழையாக இடமாட்டான். விடையை முன்கூட்டி மட்டிட்டுப் பார்க்கும் பழக்கத்தை நழுவுகோல் தன்னை அறியாமலே கற்பித்தது.

நாடு குடியரசாகிய அதே 1972ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் எச்.பி.-35 என்னும் விஞ்ஞானக் கணிப்பானைச் சந்தைக்கு விட்டது. சட்டைப்பையில் அடங்கும் அப்பொருளின் விலை 395 டொலர். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்த இலங்கையில் அவ்விலை கொடுத்து வாங்கக்கூடிய மாணாக்கன் யார்? இறக்குமதி தளர்ந்தது 1977இன் பின்னரே. அதற்குள் மேனாட்டில் நழுவுகோல் செய்த பெரிய ஆலைகள் அத்தொழிலைக் கைவிட்டிருந்தன.

விக்டோரியா அணை திறக்கப்பட்ட 1985இலேயே ஜப்பானின் கசியோ நிறுவனம் எப்.எக்ஸ்.-7000ஜி என்னும் முதலாவது வரைபுக் கணிப்பானை வெளியிட்டது. சமன்பாட்டைக் கொடுத்தால் வளைகோட்டைச் சிறு திரையில் வரைந்து காட்டும் கருவி அது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1990இல் டி.ஐ.-81ஐக் கொணர்ந்தது. அமெரிக்காவில் கல்லூரி மட்டத்து நுண்கணிதப் பரீட்சையொன்று 1995இல் இத்தகைய கணிப்பானைக் கட்டாயமாக்கவே, அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு மாணாக்கன் பையிலும் அது இடம்பெற்றது. பரீட்சை மண்டபம் எதை ஏற்கிறதோ அதையே பெற்றோர் வாங்குவர். கருவியின் நலம் தீங்குகள் அப்புறந்தான்.

இலங்கையிலும் அவ்விதியே ஆள்கிறது, எதிர்த் திசையில். க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்கள் கணிப்பானுக்கு இடமில்லை என்று தெளிவாகவே உரைக்கின்றன. மடக்கை அட்டவணை சாதாரணதர வகுப்பில் இன்றும் உயிரோடிருக்கிறது. இதனைப் பழைமைப் பிடிவாதம் என்பாருளர். அவர்கள் கலகாவிலும் ஹந்தானையிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளை நினைந்து பார்க்கவேண்டும். கொழுந்து பறிக்கும் தாயின் கூலியில் வரைபுக் கணிப்பான் வாங்குவது நடவாத காரியம். மடக்கை அட்டவணையோ கண்டி நகரத்துச் செல்வன் கையிலும் தோட்டத்துப் பிள்ளை கையிலும் ஒரே விடையைத் தரும். இந்தச் சமத்துவத்தை இலேசில் விட்டுக்கொடுக்கலாகாது.

ஆனால் தடை பரீட்சைக்கு மட்டுமே உரியது. அதனை வகுப்பறைக்கும் நீட்டி, கருவியின் முகத்தையே காட்டாமல் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது நியாயமன்று. அங்கே முதலாண்டில் அவர்கள் தடுமாறுவது கணிதத்தால் அன்று. திரையைக் கேள்வி கேட்கப் பழகாமையால். x அச்சும் y அச்சும் -10 முதல் 10 வரை விரிந்த திரையில் y = x² + 20 என்னும் சார்பை வரையச் சொன்னால் ஒன்றுமே தோன்றாது. வளைகோட்டின் அடிப்புள்ளியே 20இல் அல்லவா இருக்கிறது! y = tan x என்று கொடுத்தாலோ, பழைய கணிப்பான்கள் புள்ளிகளைக் கண்மூடித்தனமாக இணைத்து, இல்லாத நிலைக்குத்துக் கோடுகளை இழுத்துவிடும். தாளிலே கையால் ஒருமுறை வரைந்த பிள்ளை இவ்விரு இடத்திலும் ஏமாறாது.

கல்லூரிக் கணிதத்துக்குக் கருவி தேர்பவர், எப்பாடத்துக்கு எது அனுமதி என்று விரிவுரையாளரைக் கேட்டபின்பே காசை எடுக்கவேண்டும். செய்நிரல் எழுதக்கூடிய கணிப்பானை மண்டபத்துக்குள் விடாத பரீட்சைகள் பல. பெரும்பாலான பாடங்களுக்குச் சாதாரண விஞ்ஞானக் கணிப்பானே போதும். வரைபுக்கு, ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் மாணாக்கருக்கு இலவசமாகவே கிடைக்கிறது. தோட்டப் பாடசாலையில் ஒரேயொரு கணினி இருப்பினும், அதனைச் சுற்றி முப்பது பிள்ளைகளை அமர்த்தி, விசையைத் தட்டுமுன் வளைகோடு எப்படி வருமென்று ஒவ்வொருவரையும் தாளில் வரையச் சொல்லலாம்.