கல்லைத் தின்றவர்களும் சிரிக்க வைத்தவர்களும்

காலைப் பத்திரிகையை முதற் பக்கத்திலிருந்து வாசிப்போர் ஒரு ரகம். விளையாட்டுச் செய்திக்காகக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்போர் இன்னொரு ரகம். மூன்றாவது ரகத்தினர் தலைப்புச் செய்தியை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி வைத்திருக்கும் நான்கு வரித் துணுக்கைத் தேடுவர். பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த காலம் முழுவதும் இந்த மூன்றாவது ரகத்தாரைத்தான் உண்மையான வாசகர்கள் என்று எண்ணி வந்திருக்கிறேன். ஆசிரியத் தலையங்கத்தைப் பற்றி எனக்கு வந்த கடிதங்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். துணுக்குகளைப் பற்றி வந்தவற்றுக்குக் கணக்கில்லை.

ஈய எழுத்துக் காலத்தில் துணுக்கு என்பது நகைச்சுவைக்காகப் பிறந்ததல்ல. செய்தி முடிந்த இடத்துக்கும் பக்கம் முடியும் இடத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் வெறுமையாகக் கிடக்கும். அச்சுக்கோப்பவர் எட்டிப் பார்த்து, "ஐயா, ஓட்டை இருக்கு" என்பார். அந்த ஓட்டையை அடைக்கத் தயாராகக் கோத்து வைத்த சரக்கே துணுக்கு. ஆகவே இன்று நானும் சில ஓட்டைகளை அடைக்கப் போகிறேன். எல்லாம் கொழும்பையும், நான் வசிக்கும் இந்த வத்தளையையும் சுற்றிய சரக்கு.

முதலில் பாண். விடியற்காலையில் எங்கள் ஒழுங்கைகளுக்குள் முச்சக்கர வண்டி ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டு வரும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அந்த இசையைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து, "பேத்தோவனை யார் இந்த நேரத்தில் வாசிக்கிறார்கள்?" என்று கேட்டார். எங்கள் வீட்டாருக்குப் பேத்தோவனைத் தெரியாது. பாண்காரரைத் தெரியும். 1810இல் அந்த ஜெர்மானியர் எழுதிய 'எலிசேக்காக' என்ற பியானோ உருப்படி, அவர் 1827இல் இறந்து நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரே அச்சேறியது. இன்று இலங்கையில் அதைக் கேட்டவுடன் நாவூறுகிறது. 'சூன் பாண்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டோம். தமது இசை மாலுபாணுக்கும் சீனிப் பணிசுக்கும் கட்டியம் கூறும் என்று அந்த மகான் எண்ணியிருக்க மாட்டார்.

பாண் என்ற சொல்லோ போர்த்துக்கேயருடையது. 1505ஆம் ஆண்டளவில் லொரென்சோ த அல்மேதாவின் கப்பல்கள் காற்றில் அடிபட்டு இக்கரைக்கு வந்தபோது, துறைமுகத்தார் கோட்டை அரசனுக்கு அனுப்பிய செய்தியை 'ராஜாவலிய' என்னும் சிங்கள வரலாற்று நூல் பதிந்து வைத்திருக்கிறது. வந்திருப்பவர்கள் வெள்ளை நிறத்தவர், இரும்புச் சட்டை போடுகிறார்கள், ஓரிடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் நடக்கிறார்கள், கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்பது சாரம். கல் என்று அவர்கள் கண்டது பாண். இரத்தம் என்று கண்டது திராட்சை மது. நிருபராக இருந்தவன் என்ற முறையில் அந்தச் செய்தியாளரை நான் குறை கூறேன். கண்டதைக் கண்டபடி அனுப்பியிருக்கிறார். பாணின் பழைமையைப் பொறுத்துச் சில நாட்களில் அச்செய்தி இன்றும் உண்மையே.

அதற்கடுத்த கதை இன்னும் சுவையானது. அரசனைக் காண அழைத்துச் செல்லப்பட்ட போர்த்துக்கேயத் தூதுவருக்குத் தலைநகர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரியக் கூடாது என்று நம்மவர்கள் தீர்மானித்தார்கள். துறைமுகத்திலிருந்து கோட்டைக்குப் பத்துக் கிலோமீற்றர் கூட இல்லை. காட்டுவழியாகவும் மேட்டுவழியாகவும் சுற்றிச் சுற்றி மூன்று நாள் நடத்தினார்கள். ஆனால் கப்பலில் நின்றவர்கள் குறித்த நேரத்துக்கு ஒருமுறை பீரங்கி முழக்கிக்கொண்டே இருந்தார்களாம். சத்தம் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்ததால் குட்டு வெளிப்பட்டது என்பர். இன்றும் சுற்றுவழியில் போவதைச் சிங்களவர், 'பறங்கி கோட்டைக்குப் போன மாதிரி' என்கிறார்கள். வத்தளையிலிருந்து புறக்கோட்டைக்குக் காலை எட்டு மணிக்குப் பேருந்தில் செல்பவருக்கு இந்தப் பழமொழியை விளக்க வேண்டிய தேவையில்லை.

கல்லைத் தின்ற அந்த மனிதர்கள் போனார்கள். ஆனால் நாம் கதிரையில் இருந்து, மேசையில் கடதாசி வைத்து, அலுமாரியைத் திறந்து, சப்பாத்தைப் போட்டு, யன்னலைச் சாத்தி, குசினிக்குள் எட்டிப் பார்க்கும் வரை அவர்கள் சொற்கள் நம்மை விடவில்லை. அடுத்து வந்த ஒல்லாந்தர் நமக்குக் கந்தோரைத் தந்தார்கள், போஞ்சியைத் தந்தார்கள், கக்கூசு என்ற சொல்லையும் தந்தார்கள். நூற்று நாற்பது ஆண்டு ஆட்சிக்கு இது போதுமான கொடைதான்.

ஒல்லாந்தர் தந்த இன்னொன்று கொட்டாஞ்சேனைப் பக்கத்திலுள்ள வுல்வெண்டால் என்ற பெயர். அதன் பொருள் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு'. இலங்கையில் ஓநாய் கிடையாது. போர்த்துக்கேயர் அவ்விடத்தைக் குவாதலூப்பே மாதாவின் பெயரால் அழைத்தார்கள் என்றும், அதன் திரிந்த வடிவத்தில் 'லூப்' என்று கேட்ட ஒல்லாந்தர் அதை ஓநாய் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. அங்கு ஊளையிட்ட நரிகள் அவர்களது ஐயத்தைத் தீர்த்து வைத்திருக்கலாம். 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் திறந்த ஒல்லாந்தத் தேவாலயம் இன்னும் அங்கே கம்பீரமாக நிற்கிறது. தேவமாதாவை ஓநாயாக்கிய மொழிபெயர்ப்பைவிடப் பெரிய பிழையை எந்தத் தமிழ்ப் பத்திரிகையின் உதவி ஆசிரியரும் செய்ததில்லை என்று நான் துணிந்து சொல்வேன்.

களனி ஆற்றைக் கடக்கும் பெரிய ஓடத்துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் வைத்த பெயரே கிராண்ட்பாஸ். ஆங்கிலேயர் அங்கே படகுகளை வரிசையாகக் கட்டி அவற்றின் மேல் பலகை போட்டுப் பாலம் அமைத்தார்கள். ஆற்றில் வள்ளம் போக வேண்டுமானால் பாலத்தைப் பிரிக்க வேண்டும். 1895இல் விக்டோரியா பாலம் வரும் வரை கொழும்புக்கும் வத்தளைக்கும் இடையிலான உறவு மிதந்துகொண்டே இருந்தது. அந்தக் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்துதான் பிற்காலத்தில் வீரகேசரி புறப்பட்டது. 1930 ஆகஸ்ட் 6இல் ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியார் அதனைத் தொடங்கினார். 1932இல் லேக்ஹவுஸ் தினகரனைக் கொண்டுவந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு வார இதழ்களை வாசித்து வளர்ந்த நம் முன்னோர், சிரிப்பு என்றால் சென்னையிலிருந்து கப்பலேறி வரவேண்டிய பண்டம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நமது பேச்சிலேயே அது கிடக்கிறது என்பதை முதலில் காட்டியவர்களுள் ஒருவர் பேராசிரியர் க.கணபதிப்பிள்ளை. மொழியியல் கற்ற அவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவருக்கு யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதிக் கொடுத்தார். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' உள்ளிட்ட நான்கு நாடகங்கள் 1940இல் 'நானாடகம்' என்ற பெயரில் நூலாயின. பின்னர் வானொலியில் இலங்கையர்கோனின் 'லண்டன் கந்தையா'வும் 'விதானையார் வீட்டில்' தொடரும் அந்தப் பேச்சை வீடுதோறும் கொண்டு சென்றன.

பத்திரிகையில் அதைச் செய்தவர் கரவெட்டிக்காரர் சிவஞானசுந்தரம். பம்பாய்க்குக் கட்டடக்கலை படிக்கப் போனவர் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பினார். அவரது 'சவாரித் தம்பர்' மாட்டு வண்டிச் சவாரிப் பித்தர். தினகரன் வாசகர் அவரைத் தம் ஊரவராகவே கருதினர். 1960களின் முற்பகுதியில் சுந்தர் கொழும்பில் 'சிரித்திரன்' என்ற மாத இதழைத் தொடங்கி, அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் அதனை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு சென்றார். அவ்விதழில் உலாவிய 'மிஸிஸ் டாமோடிரன்' யார் என்று வெள்ளவத்தைக்காரர் எவரையும் கேளுங்கள். ஊரில் தாமோதரனாக இருந்தவர் கொழும்பு வந்து கோட்டு மாட்டியதும் டாமோடிரனாகிறார். அவ்வளவுதான் நகைச்சுவை. ஆனால் அந்த ஓர் எழுத்து மாற்றத்துக்குள் ஒரு வர்க்கத்தின் வரலாறே இருக்கிறது. இன்னொருவர் 'மெயில் வாகனத்தார்'. மயில்வாகனம் என்ற பெயரும் யாழ்ப்பாண மெயில் வண்டியும் மோதிப் பிறந்த மனிதர் அவர். கொழும்பில் கந்தோரும் வடக்கில் குடும்பமுமாக இருந்த ஆயிரக்கணக்கான எழுதுவினைஞர்கள் அந்தப் பெயரைக் கண்டதும் தம்மையே நினைத்துச் சிரித்தார்கள். கேள்வி பதில் பகுதியான 'மகுடி'யில் சுந்தர் சொன்ன பதில்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்களை நான் அறிவேன்.

வானொலியில் இதற்கு ஈடாக நின்றது எழுபதுகளின் 'கோமாளிகள் கும்மாளம்'. நான்கு பாத்திரங்கள், நான்கு தமிழ். மரிக்கார் பேசுவது முஸ்லிம் மக்களின் தமிழ். அப்புக்குட்டி பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். ஐயர் பேசுவது அக்கிரகாரத் தமிழ். உபாலி பேசுவது சிங்களவர் தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழ். மரிக்காராக வந்தவர் எஸ்.ராமதாஸ்; ஐயராக வந்தவர் பி.எச்.அப்துல் ஹமீத். இந்து முஸ்லிமாகவும் முஸ்லிம் ஐயராகவும் பேசினார்கள். அப்புக்குட்டி ராஜகோபால் என்றும் உபாலி செல்வசேகரன் என்றும் மற்ற இருவருக்கும் பாத்திரப் பெயரே முன்னெழுத்தாக ஒட்டிக்கொண்டது. 1976இல் இத்தொடர் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது.

இன்று சிலர் இத்தகைய நகைச்சுவையை மற்றவனுடைய பேச்சைக் கேலி செய்வது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேலி செய்பவன் தூரத்தில் நின்று இரண்டு சொல்லைப் பிடித்துக்கொள்வான். இவர்கள் பிடித்தது அயலவன் மூச்சு விடும் இடத்தை. பக்கத்து வீட்டுக்காரனுடன் இருந்து தேநீர் குடிக்காதவனுக்கு அது வராது. கொட்டாஞ்சேனையில் முஸ்லிம் கடையும் செட்டியார் கடையும் சிங்களவரின் பேக்கரியும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தின் காது அது. தன்னைப் போலவே மற்றவன் பேசிக் காட்டும்போது சிரிப்பதற்கு அவன்மேல் ஒரு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைதான் பிறகு போய்விட்டது.

படம் வந்த மறு ஆண்டு, 1977 ஆகஸ்டில், கலவரம். 1981இல் யாழ்ப்பாண நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிந்தன. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. அந்த வாரத்தை அடுத்து நாங்கள் மீண்டும் பக்கம் கட்ட உட்கார்ந்தபோது, முன்பே கோத்து வைத்த துணுக்குகள் தட்டில் அப்படியே இருந்தன. வயதான அச்சுக்கோப்பாளர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஐயா, சிரிப்பைப் போடுறதோ, விடுறதோ?" என்று கேட்டார். அவரது வீடே அப்போது இருக்கவில்லை. விட்டுவிடுங்கள் என்றேன். அந்த ஓட்டையைக் காணாமற்போனோர் பற்றிய அறிவித்தலால் நிரப்பினோம். சில வாரங்களின் பின், அகதி முகாமிலிருந்து ஒருவர் எழுதிய அஞ்சலட்டை வந்தது. நிவாரணம் பற்றியோ அரசியல் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. துணுக்குகளை ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். மறுநாள் மீண்டும் தொடங்கினோம்.

சுந்தர் 1996இல் காலமானார். வடக்குக்கான ரயில் 1990இல் நின்று 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணத்தை அடைந்தது. அந்த முதல் வண்டியில் மெயில் வாகனத்தாரை ஏற்றிவிட ஆளில்லை. ராமதாஸ் 2016இல் சென்னையில் மறைந்தார்.

வத்தளை பற்றி ஒரு துணுக்கு மிச்சமிருக்கிறது. என் வீட்டுக்கு அதிக தூரமில்லாத ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோ இருந்தது. உரிமையாளர் கே.குணரத்தினம் என்ற தமிழர். சிங்களத் திரையுலகின் மிகப்பெரிய தயாரிப்பாளர்களுள் அவரும் ஒருவர். 1983 ஜூலையில் தமிழரின் சொத்து என்று அதற்குத் தீ வைத்தார்கள். உள்ளே வெந்து போனவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்களின் மூலச் சுருள்கள். எரித்தவர்கள் சிறுவயதில் அழுதும் சிரித்தும் பார்த்த படங்கள் அவை. குணரத்தினம் 1989 ஆகஸ்டில், தெற்கின் வன்செயல் காலத்தில், சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் தயாரித்த படங்களுள் ஒன்று, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கி 1960இல் வெளிவந்த 'சந்தேசய'. கதை போர்த்துக்கேயர் காலத்தது. கல்லைத் தின்று இரத்தம் குடித்த அதே மனிதர்களை நம்மவர் எதிர்த்த கதை. சுனில் சாந்தவின் இசையில் போர்த்துக்கேயரைப் பற்றி அதில் ஒரு பாட்டு வருகிறது. சுற்றுலா செல்லும் பேருந்துகளில் சிங்கள இளைஞர்கள் கைதட்டிக்கொண்டு அதை இன்றும் பாடுகிறார்கள். போன மாதம் ஹெந்தளைச் சந்தியில் வாகன நெரிசலில் நின்ற அப்படியொரு பேருந்திலிருந்து அது கேட்டது. முன் ஆசனத்தில் தபேலாவை வைத்துத் தட்டிய பையனுக்கு இருபது வயதுகூட இராது. தாளம் சுத்தமாக இருந்தது.