இலக்கங்களைப் பார்த்து வைக்கும் விலை: பழைய ஜேர்மன் பிஸ்டல்களை அடையாளம் காண்பது எப்படி?

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும் மனிதர்கள் நாங்கள். அதை வெல்வெட் விரித்த பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். நான் இரண்டு வருடமாக ஆயுத ஏலங்களின் விபரப் புத்தகங்களை வாசித்து வருகிறேன். ஆயுத ஆசையால் அல்ல. ஒரு போர் முடிந்த பிறகு அதன் பொருட்களுக்கு யார், எதைப் பார்த்து விலை வைக்கிறார்கள் என்று அறிய விரும்பினேன்.

அதிகம் தேடப்படுவது லூகர். கியோர்க் லூகர் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை சுவிற்சர்லாந்து இராணுவம் 1900 இலும், ஜேர்மன் கடற்படை 1904 இலும், தரைப்படை 1908 இலும் ஏற்றுக்கொண்டன. தரைப்படை மாதிரியின் பெயர் பி08. சுட்டதும் அதன் மேற்பகுதி முழங்கால் மடிவதுபோல் மடிந்து மேலெழும். அந்த மூட்டைக் கண்டால் லூகர் என்று தெரிந்துவிடும். ஆனால் எந்த லூகர் என்பதில்தான் விலை நிற்கிறது. தரைப்படைக்குரியதன் குழல் 100 மில்லிமீற்றர், கடற்படைக்குரியது 150, பீரங்கிப் படைக்குரியது 200. நீளக் குழலுக்கு விலை அதிகம் என்பதால், சாதாரண லூகருக்கு நீளக் குழல் மாட்டி விற்கிறவர்களும் உண்டு.

மூட்டின் மேலே தயாரித்தவரின் குறி இருக்கும். முதலாம் உலகப் போர்க்காலத்தவற்றில் பெரும்பாலும் பெர்லினின் டி.டபிள்யூ.எம் நிறுவனத்தின் பின்னிய எழுத்துகளையோ, எர்வுர்ட் அரச ஆயுதச்சாலையின் கிரீடத்தையோ காணலாம். ரவை அறைக்கு மேல் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஹிட்லர் காலத்தில் இந்த ஒழுங்கு மாறியது. வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியின் ஆயுத உற்பத்தியைக் கட்டுப்படுத்தியிருந்ததால், மௌசர் நிறுவனம் தன் பெயரை மறைத்து ‘எஸ்/42’ என்று பொறித்தது. ஆண்டையும் மறைத்தார்கள்: ‘கே’ என்றால் 1934, ‘ஜி’ என்றால் 1935. இரகசியம் தேவையில்லை என்றானதும் 1936 முதல் ஆண்டு வெளிப்படையாக வந்தது. பிறகு ‘42’, அதன்பின் ‘பி.வை.எவ்’. ஒரு நாடு போருக்கு ஒளித்துத் தயாரானதை இந்தச் சின்னஞ்சிறு எழுத்துகளில் வாசிக்க முடிகிறது. எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான்.

சேகரிப்பாளர் அடுத்ததாகப் பார்ப்பது தொடரிலக்கம். நான்கு இலக்கங்கள் வரை ஓடி, பிறகு ஒரு சிறிய எழுத்தைச் சேர்த்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆண்டு மாறும்போதும் ஒன்றிலிருந்துதான். ஆகவே ஒரே இலக்கத்தோடு பல லூகர்கள் உண்டு. தயாரித்தவர், ஆண்டு, எழுத்து மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கலாம். குழலிலும் சட்டகத்திலும் முழு இலக்கம் இருக்கும். சிறிய பாகங்களில் கடைசி இரண்டு மட்டும். எல்லாம் பொருந்தினால் நல்ல விலை. ஒரு சிறு பாகம் மாறியிருந்தாலும் விலை இறங்கும். கூடவே கொடுக்கப்பட்ட இரண்டு ரவைக்கூடுகளும் அதே இலக்கத்தோடு இருப்பது அபூர்வம். இரண்டாவதில் ஒரு கூட்டல் குறி இருக்கும்.

இலக்கத்துக்கு அடுத்தது மேற்பூச்சு. தேய்ந்திருந்தாலும் பழைய பூச்சுத்தான் வேண்டும். பளபளப்பாக்கிப் புதிதாகக் கருநீலம் ஏற்றினால் பெறுமதி பாதிக்கும் கீழே போகக்கூடும். விளிம்புகள் மழுங்கியிருக்கின்றனவா, முத்திரைகள் மங்கியிருக்கின்றனவா, வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டிய சிறு பாகங்கள் கருத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சோவியத் படை கைப்பற்றியவை இந்தச் சோதனையில் தோற்கும். ஆயுதச்சாலைகளில் கழற்றி, கலந்து பூட்டி, மறுபடி பூச்சேற்றியவை அவை. எனக்கு அவையும் வரலாறுதான். சந்தைக்கு அப்படி இல்லை.

லூகருக்கு அடுத்து வந்த பி38 மலிவானது. ‘ஏ.சி’ என்றால் வால்தர், ‘பி.வை.எவ்’ என்றால் மௌசர், ‘சி.வை.கியூ’ என்றால் ஸ்பிரீவெர்க். போரின் கடைசிக் காலத்தில் செய்தவற்றில் அரத்தின் கீறல்களே தெரியும். விபரப் புத்தகங்கள் அதை ‘கரடுமுரடான முடிப்பு’ என்று எழுதிவிட்டு நகர்கின்றன. ஹம்பேர்க் அருகே நொயென்கம்ம வதைமுகாமில் வால்தர் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே துப்பாக்கிப் பாகங்கள் செய்தவர்கள் கைதிகள். அந்த வரியை நான் வாசித்த எந்த விலைக்குறிப்பிலும் காணவில்லை.

மௌசர் சி96 இன் மரப்பிடியில் சிவப்பில் ஒரு ‘9’ செதுக்கப்பட்டிருந்தால், அது முதலாம் உலகப் போரில் 9 மில்லிமீற்றர் ரவைக்காகச் செய்யப்பட்டது. சிப்பாய் தவறுதலாகப் பழைய 7.63 ரவையைப் போட்டுவிடாமல் இருக்க வைத்த எச்சரிக்கை அது. இன்று அந்த ‘9’ ஐ யாரும் செதுக்கிக்கொள்ளலாம் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

போலிகள் அதிகம் வருவது எஸ்.எஸ் முத்திரையில். சாதாரண லூகர் அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் முதல் சில ஆயிரம் டொலர் வரை போகும். கொலைகாரப் படையின் குறி விழுந்தால் விலை ஏறும் என்பதால், பிற்காலத்தில் அந்தக் குறியைக் குத்தினார்கள். அமெரிக்க இராணுவம் 1907 இல் பரிசோதித்த .45 லூகரின் கதை வேறு. உண்மையிலேயே மிக அரிதான அது, பத்து இலட்சம் டொலருக்குக் கைமாறி அந்தத் தொகையையே பட்டப்பெயராகப் பெற்றது. 2010 இல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

விலையைக் கூட்டும் இன்னொன்று ஒரு துண்டுக் கடதாசி. கைப்பற்றிய ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அமெரிக்கச் சிப்பாய்க்கு அவரது அதிகாரி கொடுத்த அனுமதிப் பத்திரம். அதில் உள்ள தொடரிலக்கம் பிஸ்டலோடு பொருந்தவேண்டும். எடுத்தவரின் பெயர், படைப்பிரிவு எல்லாம் அதில் இருக்கும். யாரிடமிருந்து எடுத்தார் என்பதற்கு இடமில்லை. தங்கள் பிள்ளையைப் பற்றிய ஒரு துண்டுக் கடதாசிக்காக வருடக்கணக்கில் தெருவில் இருக்கும் தாய்மாரிடம் பேட்டி எடுத்தவள் நான். அந்தப் பத்திரங்களின் படங்களை அதனால்தான் நீண்ட நேரம் பார்த்திருக்கிறேன்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒன்று. ஜேர்மனியில் சேகரிப்பாளருக்குத் தனியான சிவப்பு அனுமதி அட்டை உண்டு. எதை, எந்த வரலாற்றுக் காரணத்துக்காகச் சேகரிக்கிறார் என்று அவர் நிறுவவேண்டும். பிரித்தானியாவில் 1997 முதல் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளுக்குத் தடை; வரலாற்றுப் பொருட்களுக்கு மிகக் குறுகிய விலக்கு மட்டும். வாங்கிய பழைய வீட்டின் மேற்றட்டிலோ, இறந்தவரின் அலுமாரியிலோ இப்படி ஒன்றைக் கண்டால் தொடாமல், பொலிஸ் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், தொலைபேசியில் அறிவித்து அவர்களை வரச்சொல்லுங்கள். பெறுமதியை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.